பதினோரு கேள்விக்குத் தப்பிய எண்

ஆவுடையின் எண் 71171308081. ஏழாயிரத்து நூற்றுப் பதினேழு கோடியே பதின்மூன்று லட்சத்து எட்டாயிரத்து எண்பத்தொன்று. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், பாதியிலேயே தண்ணீர் கேட்பீர்கள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்த எண்ணை அவளுக்குச் சூட்டியவன் நான்தான். என் பெயர் கொம்பையா. செவ்வாய்க் கிரகத்தில், செவ்வந்தி என்கிற குடியிருப்பில் பதிவாளர். ஒன்பதாயிரம் பேர் உள்ள ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். பாதிப் பேருக்குப் பிடிக்காது, அதைப் பற்றி எனக்குக் கவலையும் கிடையாது.

எங்கள் ஊரில் ஆள் என்றால் எண். முதல் கப்பலில் வந்த நாங்கள் எல்லோரும் பூமியில் ஏதோ ஒரு பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்கள். எங்கேயோ ஒரு மூடிய அறையில் ஒரு பொறி இருக்கும். ஒரு நாள் காலையில் அது, நீ இந்த ஊர்க்காரன் இல்லை போ என்று சொல்லிவிடும். யாரிடம் போய்க் கேட்பது? அந்த வயிற்றெரிச்சலோடு வந்தவர்கள் என்பதால், இங்கே இறங்கியதும் வேறு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்.

ஆளுக்கு ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆனால் அவர்களுடைய எண்களைப் பெருக்கி, வருகிற தொகையைப் பதிவேட்டில் பொறித்துவிடுவோம். குழந்தை பிறந்தால் தாய் எண்ணையும் தந்தை எண்ணையும் பெருக்கிப் பொறிப்போம். அந்தத் தொகையைப் பிரித்தால் அதே இரண்டு எண்கள்தான் வரும்; ஆண்டவனே வந்து பிரித்தாலும் மூன்றாவது ஆள் வரமாட்டான். பெயரை மாற்றலாம், கையெழுத்தைப் போலியாகப் போடலாம், இதில் கைவைக்க முடியாது. பொறித்ததை அழிக்கவும் முடியாது. எங்களுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் எண் சூட்டுவோம். அப்பா குடத்துக்குள் கைவிட்டு இலக்கங்களை ஒவ்வொன்றாக எடுப்பார். வந்த எண்ணைப் பதினோரு சொந்தக்காரர்கள் சோதிக்க வேண்டும்; ஆளுக்கு ஒரு சின்ன எண்ணைச் சொல்லி ஒரு கேள்வி. அத்தை எழுந்து "ரெண்டு" என்பாள், மாமா "மூணு" என்பார். பதிவாளர் எல்லோர் கண்முன்னும் கைக்கணக்குப் பொறியில் அதைப் போட்டுப் பார்ப்பார். பதினோரு பேருக்கும் சரியான விடை வந்தால் எண் பகா எண். கைதட்டி, பாயசம் குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த எண்ணை யாரும் நேரடியாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஒருத்தருடைய எண்ணைப் பிரிப்பது உயிரோடு இருக்கிற ஆளை அறுத்துப் பார்ப்பது மாதிரி. அவ்வளவு அநாகரிகத்தை எங்கள் ஊரில் எவனும் செய்யமாட்டான்.

இந்தத் தடவை வந்த கப்பலில் புதுப் பதிவுப் பொறி வந்தது. வந்ததும் பழைய பதிவுகளை எல்லாம் ஒரு தடவை வாசித்தது. மூன்றாம் நாள் காலையில் ஆவுடை என் அலுவலகத்துக்கு வந்து ஒரு தாளை மேசையில் வைத்தாள். அவள் கிழங்குத் தோட்டத்தில் வேலை பார்ப்பவள். கணவன் மாடக்கண்ணு போன வருஷம் சுரங்கச் சரிவில் இறந்துபோனான். ஆறு வயதில் செங்கனி என்று ஒரு மகள்.

"அண்ணாச்சி, இது என்ன கூத்துன்னு பாருங்க. செங்கனிக்கு அப்பா அம்மா நாலு பேராம். அதுல நான் இல்லையாம்."

"புதுசுல்லா, பொறிக்குக் கோட்டி பிடிச்சிருக்கும்" என்றபடி தாளை வாங்கினேன்.

பொறிக்குப் பைத்தியம் எதுவும் பிடிக்கவில்லை. செங்கனியின் பிறப்புப் பதிவை அது கடைசி வரை பிரித்திருந்தது. ஒன்று மாடக்கண்ணுவின் எண். மற்ற மூன்றும் 2281, 4561, 6841. என் கைக்கணக்குப் பொறியில் மூன்றையும் பெருக்கிப் பார்த்தேன். 71171308081 வந்தது. மறுபடி பெருக்கினேன், மறுபடியும் அதேதான் வந்தது.

"இத்தன வருசமா இல்லாம இப்ப எப்படி?" என்றாள் ஆவுடை.

"பழைய பொறி ஊர்க்காரங்க எண்ணைப் பெரிசுலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்து வகுத்துப் பாக்கும். உன் எண் பெரிசு, முதல்லயே வகுபட்டுரும். அதோட நிப்பாட்டிரும். புதுசு ரெண்டுலேர்ந்து மேல ஏறுது. உன்கிட்ட வர்றதுக்கு முன்னாலயே 2281 வந்துருச்சு."

"அப்ப என் எண்ணு பகா எண் இல்லையா? பதினோரு பேரு கேட்டாங்கள்லா? எங்க அப்பா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாரே!"

அவளை உட்காரச் சொன்னேன். "நாங்க கேக்குற கேள்வி இதுதான். ஒரு சின்ன எண்ணை எடுத்து, அதை அதாலயே திரும்பத் திரும்பப் பெருக்கணும். எத்தன தடவைன்னா, உன் எண்ணுல ஒண்ணு குறைச்சா வருதுல்லா, அந்த அடுக்கு வரைக்கும். வர்றதை உன் எண்ணால வகுத்தா மீதி ஒண்ணு வரணும். பகா எண்ணுன்னா கண்டிப்பா வரும். பகா எண் இல்லன்னா, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு கேள்வியிலயே மாட்டிக்கிடும்."

"பெரும்பாலும்னா?"

"எத்தன பேரு கேட்டாலும் மாட்டிக்கிடாத எண்ணு சிலது இருக்கு. ரொம்ப ரொம்ப அபூர்வம். உன்னோட மூணையும் பாரு. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு குறைச்சா 2280, 4560, 6840. முதலாவது, முதலாவதோட இரட்டை, முதலாவதோட மும்மடங்கு. உன் எண்ணுலயும் ஒண்ணு குறை. அதை இந்த மூணுமே மிச்சமில்லாம வகுக்கும். அப்படி அமைஞ்சிட்டா எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொல்லிரும். அந்த மூணு எண்ணுல ஒண்ணையோ அதோட மடங்கையோ யாராவது சொல்லியிருந்தாத்தான் குட்டு வெளிப்பட்டிருக்கும். உங்க அத்தை மாமாவெல்லாம் ரெண்டு, மூணு, அஞ்சுன்னாங்க."

எண் சூட்டிய அன்றைக்கு அவளுக்குச் சொந்தக்காரர்கள் பத்துப் பேர்தான் இருந்தார்கள். பதினோராவது கேள்வியை என்னைக் கேட்கச் சொன்னார்கள். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. நான் "ஏழு" என்றேன். இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

"சரி, இந்த மூணு பேரு யாரு?"

"நாலு இலக்க எண் எல்லாம் முதல் கப்பல்ல வந்தவங்களோடது. 2281 பால்பாண்டி. மணல் புயல்ல போய்ச் சேந்துட்டான். 4561 லூர்தம்மா, அந்தம்மா போயி பதினாலு வருசமாச்சு. ரெண்டு பேருக்கும் பிள்ள குட்டி கிடையாது."

"6841?"

"பாத்துச் சொல்லுதேன்" என்றேன்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? 6841 நான்தான்.

அவளை அழைத்துக்கொண்டு சபைத் தலைவி ரூத்திடம் போனேன். ரூத் கெட்டவள் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். குழந்தைப் பதிவில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் பதிவு செல்லாது. பதிவு செல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்குப் பெற்றோர் இல்லை. பெற்றோர் இல்லாத குழந்தை, அடுத்த கப்பலில் பூமியில் உள்ள உறவினரிடம் போக வேண்டும். இங்கே யாரும் எடுத்து வளர்க்க முடியாது. ஆரம்பத்தில் சிலர் அநாதைப் பிள்ளைகளை எடுத்து வேலை வாங்கினார்கள் என்பதற்காக நாங்களே கையைத் தூக்கி ஆதரித்துப் போட்ட விதி அது. கப்பல் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. அதை விட்டால் அடுத்தது இரண்டு வருஷம் இரண்டு மாதம் கழித்து.

"அவளுக்குப் புது எண் கொடுத்துரலாமே" என்றேன்.

"இன்னைக்குக் கொடுத்தா இன்னையிலேர்ந்துதான் அண்ணாச்சி செல்லும். தாயோட எண் பிள்ளையோட எண்ணுக்கு முந்தினதா இருக்கணும். நீங்க எழுதுன விதிதான்."

ஆமாம், நான் எழுதியதுதான்.

"ரூத்தக்கா" என்றாள் ஆவுடை. "நீங்க என்னைப் பாக்குதீய. நான் அவளைப் பெத்தப்ப நீங்கதான் வெளிய நின்னு வெந்நீர் வாங்கித் தந்தீய. நீங்க சொன்னாப் போதாதா?"

ரூத் நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "போதும்னு நான் சொல்லிரலாம் ஆவுடை. உனக்காக இன்னைக்கு என் வாயால பதிவேட்டை மாத்துனேன்னு வச்சுக்கோ. நாளைக்கு இந்த நாற்காலியில வர்றவன் தன் வாயால ஒருத்தனை ஊரை விட்டே தள்ளுவான். பூமியில எங்க அப்பாவையும் யாரும் சரிபாக்க முடியாத ஒரு சொல்லுதான் தள்ளுச்சு. அதுக்காகத்தான இவ்வளவு தூரம் வந்தோம்?"

"அங்க செங்கனிக்கு யாரு இருக்கா? கோவில்பட்டியில ஒரு சித்தப்பா. அவர் முகத்தையே இவ பாத்ததில்ல. அங்க இவ எடை ரெண்டரை மடங்கு ஆயிரும்னு சொல்லுதாங்க. பிள்ளைக்கு நிக்கவாவது முடியுமா?"

பிள்ளையை இங்கேயே வைத்துக்கொள்ள என்னிடம் ஒரு வழி இருந்தது, நான் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நான் ஒரு கோழை.

வழி இதுதான். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அவருடைய எண்ணைப் பிள்ளையோ வேறு யாரோ எடுத்துக்கொள்ளலாம். அப்போது அந்த எண் எந்தப் பதிவில் வந்தாலும், எத்தனை பழைய பதிவானாலும், எடுத்தவரையே குறிக்கும். ஆள் பட்டியலில் ஆவுடையின் பெயர் இன்னும் இருக்கிறது, அவள் எடுக்கலாம். பால்பாண்டியின் எண்ணையும் லூர்தம்மாவின் எண்ணையும் எடுத்துவிட்டால், மூன்றில் இரண்டு அவளாகிவிடும். 6841-உம் கிடைத்தால் மூன்றுமே அவள்தான். செங்கனியின் பதிவில் இரண்டே பேர் இருப்பார்கள், மாடக்கண்ணுவும் ஆவுடையும். பதிவு செல்லும்.

அதற்கு 6841 செத்திருக்க வேண்டும். சனியன், அது உயிரோடு உட்கார்ந்து கிழங்குக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சாவதற்கு எங்கள் பதிவேட்டில் இன்னொரு கதவும் உண்டு. துறவு. துறவு பூண்டவன் ஊருக்குச் செத்தவன் என்று முதல் சபையில் ஒரு பெரியவர் அடம்பிடித்து ஒரு படிவம் சேர்க்கவைத்தார். எல்லோரும் சிரித்தோம். துறவு பூண்டு எங்கே போவது, காட்டுக்கா? வெளியே கால் வைத்தால் மூச்சு விடக் காற்றே இல்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருவர்கூட அதை நிரப்பியதில்லை. நிரப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு மட்டும் நன்றாகத் தெரியும். எண் இல்லாத பெரிய ஆளுக்கு இங்கே இடமில்லை, கப்பல்தான். இத்தனை வருஷம் இந்த லேசான மண்ணில் நடந்த என் எலும்பு பூமியில் எழுந்து நிற்காது. படுத்த படுக்கைதான்.

அதைவிட எனக்கு வலித்தது வேறு ஒன்று. என் மனைவி செண்பகவடிவு போய் எட்டு வருஷம் ஆகிறது. எங்கள் கல்யாணப் பதிவில் 6841-உம் அவள் எண்ணும் பெருக்கிக் கிடக்கின்றன. அவளோடு சேர்ந்து எனக்கென்று இருப்பது அந்த ஒரு தொகைதான். எண்ணைக் கொடுத்துவிட்டால் அந்த இடத்திலும் ஆவுடை வந்து நிற்பாள். சிரிக்காதீர்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் கிழங்குத் தோட்டத்துக்குப் போனேன். ஆவுடை பாத்தியில் மண் அணைத்துக்கொண்டிருந்தாள். செங்கனி பக்கத்தில் உட்கார்ந்து, பிடுங்கிய கிழங்குகளைப் பெரிது சிறிது என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

"6841 யாருன்னு பாத்துட்டேன்" என்றேன்.

"யாரு?"

"நான்."

அவள் கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"நேத்துச் சாயங்காலம் அவ துணியையெல்லாம் எடுத்து மடிச்சு வச்சேன் அண்ணாச்சி. ஒரு பையில எத்தன சட்டை கொள்ளும்னு எண்ணிப் பாத்தேன். நீங்க தெரிஞ்சுக்கிட்டே வீட்டுல இருந்தீயளா?"

"இருந்தேன். பதினோராவது கேள்வி கேட்டதும் நான்தான். என் எண்ணையே சொல்லியிருந்தா அன்னைக்கே பிடிபட்டிருக்கும். அவசரத்துல ஏழுன்னேன். தப்பு என்னோடது."

துறவுப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். கடைசியில், "அப்ப நீங்க?" என்றாள்.

"கப்பல்ல ஒரு இடம் காலியாத்தான இருக்கும், செங்கனிக்கு வச்சது. அதுல போறேன்."

அவள் மகளைப் பார்த்தாள். "வேண்டாம்னு சொல்லணும். அதுதான் மரியாதை, எனக்குத் தெரியுது. ஆனா சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. என்னால முடியாது."

"சொல்லாத" என்றேன். எனக்கும் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லியிருந்தால் நான் சரி என்று திரும்பியிருப்பேன்.

அன்றைக்கே ரூத்தின் முன்னால் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ரூத் இரண்டு தடவை "யோசிச்சீங்களா?" என்று கேட்டாள். பிறகு ஆவுடை மூன்று எண்களையும் எடுத்துக்கொண்டாள். புதுப் பொறி செங்கனியின் பதிவைத் திரும்ப வாசித்தது. பெற்றோர் இருவர், ஒருவர் காலமானார், ஒருவர் இருக்கிறார், பதிவு செல்லும் என்றது. ஆவுடை தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்கு நெஞ்சு லேசானது உண்மை.

இதே மாதிரி எண் வேறு யாருக்காவது இருக்குமா என்று ரூத் என்னைத் தனியாகக் கேட்டாள். இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஆனால் பிரித்துப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது என்றேன். வேண்டியவர்கள் வந்து தங்கள் எண்ணைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் அறிவிப்புப் போட்டாள். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் ரூத் தானே போய்த் தன் எண்ணைப் பிரித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள்.

அதற்குள் நான் செத்தவனாக இருந்து பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் கதவுகள் எண்ணைப் பார்த்துத்தான் திறக்கும். எனக்கு ஒன்றும் திறக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே நின்று, யாராவது வரும்போது பின்னாலேயே நுழைவேன். கழிப்பறைக்குப் போக ஒரு பையனிடம் கெஞ்சினேன். முப்பது வருஷம் படிவத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பினவன் இப்படி நிற்பதைப் பார்த்துச் சிலர் உள்ளூரச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். படட்டும், உரிமை இருக்கிறது.

கப்பல் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ரூத் ஆள் அனுப்பினாள். போனேன். உள்ளே ஆவுடை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் செங்கனி. மேசையில் ஒரு படிவம்.

"அண்ணாச்சி, இதைப் பாருங்க" என்றாள் ரூத். அவள் முகம் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டது.

அது குழந்தைப் பதிவுப் படிவம். புதிதாகப் பிறந்த குழந்தைக்கு நிரப்புவது. தாய்: ஆவுடை. தந்தை: இல்லை. குழந்தையின் பெயர்: கொம்பையா.

"இது என்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல" என்றாள் ஆவுடை. "ஆறு நாளா விதி முழுசையும் வாசிச்சேன். எண் இல்லாத ஆளை ஊருக்குள்ள சேக்க ஒரே ஒரு படிவந்தான் இருக்கு. குழந்தைக்கு எண் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. உங்களுக்கு இல்ல. தாயோட எண் பழசா இருக்கணும்னு போட்டிருக்கு. இப்ப என்கிட்ட இருக்கிறது முதல் கப்பல் காலத்துப் பழசு. எண் சூட்டுற வரைக்கும் ஊருக்குள்ள இருக்க, தாயோட எண்ணே பிள்ளைக்குப் போதும்னு போட்டிருக்கு. பிள்ளைக்கு வயசு இத்தனைதான் இருக்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா? நீங்க எழுதுனதுதான, சொல்லுங்க."

யோசித்தேன். போடவில்லை. அறுபத்தொரு வயதில் ஒருவன் வந்து பிறப்பான் என்று எந்தப் பதிவாளர் நினைப்பான்?

"பொறி?" என்று ரூத்தைக் கேட்டேன்.

"செல்லும்னு சொல்லிருச்சு."

படிவத்தை இன்னொரு தடவை வாசித்தேன். செங்கனி அம்மாவின் மடியிலிருந்து இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, அப்ப இவரு எனக்கு யாரு?"

"தம்பி."

அவள் அதை நம்பாமல் ரூத்தைத் திரும்பிப் பார்த்தாள். ரூத் தலையாட்டினாள்.

"அப்ப நான் சொன்னாக் கேக்கணும்ல்லா?"

"கேக்கணும்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மூக்கும் ஒழுகியது. பிறந்த பிள்ளை அழத்தானே செய்யும்.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது. கூடத்துக்குப் போகும் கதவு செங்கனி அருகில் போனதும் திறந்தது. அவள் நடுவில் நின்றுகொண்டு கையை நீட்டினாள்.

"தம்பி, பராக்குப் பாக்காத. கையப் பிடிச்சுக்கோ, கதவு மூடிரும்."

பிடித்துக்கொண்டேன்.